விருந்துக்கு வந்தவர்கள் ஆஃப்ரிகான்ஸ் பேசும்போது

தென்னாப்பிரிக்காவின் ஒழுக்கக்கேடு தடைச் சட்டத்தில் 1969இல் 20அ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். ‘விருந்து’ ஒன்றில் ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் பாலுணர்வைத் தூண்டும்படி நடந்துகொண்டால் குற்றம் என்றது அது. விருந்து என்றால் என்ன என்பதையும் அந்தப் பிரிவே விளக்கியது: இரண்டு பேருக்கு மேல் கூடினால் விருந்து. 1966 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க் நகரின் ஃபாரஸ்ட் டவுன் பகுதியில் ஒரு வீட்டுக்குள் போலீஸ் புகுந்து, அங்கே சுமார் 300 ஆண்கள் கூடியிருந்ததைக் கண்டதன் தொடர்ச்சி இது. 1998இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை அந்தப் பிரிவு ஏட்டில் இருந்தது.

தன்பாலீர்ப்புள்ள நண்பர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள், குடிப்பார்கள், ஆடுவார்கள், ஒருவரையொருவர் குத்திக் கிழிப்பார்கள், விடிவதற்குள் சொல்லாததெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட நாடகங்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை, டச்சிலிருந்து கிளைத்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸில் மேடையேற்ற நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்த 20அ பிரிவைத்தான் என்பேன். சட்டமன்றமும் திருச்சபைப் பிரசங்க மேடையும் பள்ளிக்கூடமும் பேசிய அதே மொழியில்தான் இந்த நண்பர்கள் கொஞ்சிக்கொள்ளப் போகிறார்கள். மூலப் பிரதியில் ‘அழைப்பு மணி அடிக்கிறது, கதவைத் திறக்கிறான்’ என்று மட்டும் இருக்கும். கதையை 1970களின் பிரிட்டோரியாவுக்கு மாற்றினால் அந்த வீட்டுக்காரன் அப்படித் திறக்க மாட்டான். முதலில் இசைத்தட்டின் ஒலியைக் குறைப்பான், திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பான், அதன்பிறகு தாழ்ப்பாளை எடுப்பான். உள்ளே இருக்கும் இருவர் ஒருவரைவிட்டு ஒருவர் ஓர் அடி நகர்வார்கள். மொத்தம் ஏழெட்டு வினாடி. ஒரு வார்த்தை சேர்க்காமல் நாடகம் அந்த மண்ணுக்கு வந்துவிடும்.

மொழிபெயர்க்கத் தொடங்குவதற்கு முன்பே உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் காப்புரிமைச் சட்டம் (1978ஆம் ஆண்டின் 98ஆம் எண்) மொழிபெயர்ப்பைத் தழுவலில் சேர்க்கிறது. எழுதியவர் உயிரோடிருக்கும் காலமும் அதற்குப் பின் 50 ஆண்டும் அனுமதியில்லாமல் தொட முடியாது. பல வெளிநாட்டு நாடகங்களுக்கு, நாடக உரிமைகளைக் கையாளும் டால்ரோ அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மற்றவற்றுக்கு நாடகாசிரியரின் முகவருக்கு நேரே எழுத வேண்டும். மேடையேற்றும் உரிமை, மொழிபெயர்க்கும் உரிமை, கதைக்களத்தை மாற்றும் உரிமை, நேரத்துக்காகச் சுருக்கும் உரிமை என்று நான்கையும் ஒரே கடிதத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டை மட்டும் வாங்கிவிட்டு, ஒத்திகையின் மூன்றாம் வாரத்தில் அரை மணி நேரக் காட்சியை வெட்டப் போய் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிற தவறு. முகவர் ஆஃப்ரிகான்ஸ் படிக்கத் தெரியாதவராக இருப்பார். மாற்றிய பகுதிகளை மீண்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்வார். இதற்கெல்லாம் நாடக விழாத் தேதிக்கு எட்டு மாதம் முன்பாவது தொடங்கினால்தான் நிம்மதி. விருந்தில் ஒலிக்கும் பாட்டுகளுக்கும் தனி அனுமதி வேண்டும். நாடகத்தின் பகுதியாகவே ஒரு பாட்டுக்கு நடிகர்கள் ஆடுகிறார்கள் என்றால், அரங்கின் பொதுவான இசை உரிமம் போதும் என்று நினைத்துவிடாமல் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த முடிவு: கதை எங்கே, எப்போது நடக்கிறது? நியூயார்க்கிலேயே விட்டுவிட்டு ஆஃப்ரிகான்ஸ் பேச வைக்கலாம். பார்வையாளர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்த ஊர் மதுக்கடை, அந்த ஊர் நடிகை, அந்த ஊர் தெரு என்று வரும் ஒவ்வொரு நகைச்சுவையும் காற்றில் போகும். இங்கே மாற்றினால் நகைச்சுவை பிழைக்கும், ஆனால் சட்டமும் நிறவெறியும் கூடவே உள்ளே வரும். மூலத்தில் நண்பர் கூட்டத்தில் ஒரு கறுப்பின நண்பன் இருப்பான். 1960களின் இறுதிக் கேப் டவுனுக்கு அவனைக் கொண்டுவந்தால் அவன் யார்? டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று 1966 பிப்ரவரி 11 அன்று அறிவிக்கப்பட்டது. அவன் குடும்பம் அங்கிருந்து வெளியேற்றப்படக் காத்திருக்கலாம். அவனும் ஆஃப்ரிகான்ஸ்தான் பேசுகிறான், ஆனால் அவனுடையது காப்ஸ் என்ற கேப் பகுதிப் பேச்சு வழக்கு. விருந்து நடக்கும் வீட்டில் பேசுவது பள்ளிக்கூடத்து ஆஃப்ரிகான்ஸ். ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள். மேடையில் எல்லோருக்கும் ஒரே வழக்கைக் கொடுப்பது அவர்களை அவர்களுடைய மொழியிலிருந்தே வெளியே தள்ளுவது. அந்தப் பாத்திரத்தின் வசனங்களைக் காப்ஸ் பேசி வளர்ந்த ஒருவரே எழுத வேண்டும். நடிகரே ஒத்திகையில் சரிசெய்துகொள்வார் என்று விடுவது சரியல்ல. அது அவர் வேலையும் அல்ல, அதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை.

1990களின் எய்ட்ஸ் காலத்து நாடகமாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பொது மருத்துவமனைகளில் எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்துகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 2004இல்தான். அமெரிக்கப் பிரதியில், அந்த மருந்துகள் வந்த 1996க்குப் பிறகு ஒருவன் பிழைத்துக்கொள்வான். இங்கே அதே ஆண்டில் அவன் பிழைக்க வேண்டுமென்றால் கையில் பணம் இருந்திருக்க வேண்டும். சொற்களும் இரண்டாகப் பிரியும். எய்ட்ஸுக்கு ஆஃப்ரிகான்ஸில் ‘ஃபிக்ஸ்’, எச்ஐவிக்கு ‘எம்ஐவி’ என்று அகராதி சொல்கிறது. மருத்துவர் அப்படிப் பேசலாம். நண்பர்கள் தங்களுக்குள் ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்துவார்கள்.

இனி மொழிக்கு வருவோம். இத்தகைய நாடகம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

ஆஃப்ரிகான்ஸில் எதிர்மறை இரண்டு முறை வரும். ‘நீ’ என்று ஒலிக்கும் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியிலும் வந்து உட்காரும். ‘அவன் அழகன் என்று நான் சொன்னதே இல்லை’ என்பதை நேராக மொழிபெயர்த்தால், ‘ஏக் ஹெட் நோயிட் கெசே ஹெய் இஸ் மோய் நீ’. சிரிப்பு ‘மோய்’ என்ற சொல்லில் இருக்கிறது, அதன் மேல் ‘நீ’ வந்து மூடிவிடுகிறது. தமிழில் ‘இல்லை’ கடைசியில் விழுவது நமக்குப் பழக்கம் என்பதால் இந்தச் சிக்கல் நமக்குச் சட்டென்று புரியும். வழி என்ன? சொல்லை முன்னால் தூக்கிப் போட வேண்டும்: ‘மோய்? டிட் ஹெட் ஏக் நோயிட் கெசே நீ.’ அழகனா? அப்படி நான் சொன்னதே இல்லையே. சிரிப்பு முதல் சொல்லிலேயே வெடித்துவிடும், மீதி வாக்கியம் சிரிப்பின் மேல் நடந்து போகும். கடந்த கால வினையும், துணை வாக்கியத்து வினையும் இதேபோல் கடைசிக்கு ஓடும். ஆகவே முதல் வரைவு முடிந்ததும் பிரதியில் சிரிப்பு வரவேண்டிய ஒவ்வொரு வரியிலும் எந்தச் சொல்லில் சிரிப்பு இருக்கிறது என்று அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்ட சொல் வரியின் நடுவில் கிடந்தால் அந்த வரி இன்னும் முடியவில்லை.

நண்பர்கள் ஒருவரையொருவர் ‘அவள்’ என்று அழைத்துக் கிண்டலடிப்பது இந்த நாடகங்களின் உயிர். ஆஃப்ரிகான்ஸில் அவள் என்பது ‘செய்’. ஆனால் ‘அவனுடைய’ என்பதும் அதே ‘செய்’தான். ‘அவள் தன் கோட்டை மறந்துவிட்டாள்’ என்ற கேலிக்கு ‘செய் ஹெட் ஹார் யஸ் ஃபெர்கீட்’ என்று இரண்டு இடத்திலும் பெண்பால் நிற்க வேண்டும். நடிகர் பழக்கத்தில் ‘செய் யஸ்’ என்று சொல்லிவிட்டால் வாக்கியத்தின் பாதியிலேயே அவள் அவனாகிவிடுகிறாள். ஒத்திகையில் மேடை மேலாளர் இதை மட்டும் தனியே குறித்துக்கொண்டு வருவது நல்ல பழக்கம்.

‘ஃப்ரீன்ட்’ என்ற சொல் நண்பனையும் குறிக்கும், காதலனையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்கள் இருந்த இடத்தில் இங்கே ஒன்றுதான். பல மொழிபெயர்ப்பாளர்கள் பதறிப்போய் காதலனுக்குக் ‘கேரல்’ என்று போட்டுவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. நண்பனின் துணைவனோடு ரகசிய உறவு வைத்திருக்கிற ஒருவன், ‘அவன் என் ஃப்ரீன்ட்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லும்போது அந்த மயக்கம் மூலத்தில் இல்லாத ஒரு வலியைத் தருகிறது. மொழி தானாகத் தரும் இப்படிப்பட்ட கொடைகளை வாங்கிக்கொள்ளுங்கள்.

‘உன்னை நேசிக்கிறேன்’ என்பதற்கும் இரண்டு வழி உண்டு. ‘ஏக் இஸ் லீஃப் ஃபிர் யோ’ என்பதைத் தங்கையிடமும் நண்பனிடமும் சொல்லலாம். ‘ஏக் ஹெட் யோ லீஃப்’ கனமானது. சொன்ன பிறகு திரும்பப் பெற முடியாதது. ஆங்கிலப் பிரதியில் அந்த மூன்று சொற்கள் எத்தனை முறை வந்தாலும் ஒன்றேதான். ஆஃப்ரிகான்ஸில் ஒவ்வொரு முறையும் எது என்று முடிவு செய்ய வேண்டும். கனமானதை நாடகம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை வைத்தால் போதும். அது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று இயக்குநரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டால், மற்ற காட்சிகள் தாமாகவே அதை நோக்கிச் சாயும்.

வசைச்சொற்களுக்கு ஒரு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் சொற்கள் அரை டஜன் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு எடை. ஆஃப்ரிகான்ஸில் கைக்கு முதலில் வருவது ‘மொஃபி’. விமானப் பணியாளனைக் ‘கொஃபிமொஃபி’ என்பார்கள். கேப் டவுன் புத்தாண்டு ஊர்வலக் குழுக்களின் முன்னால் ஆடிவருபவருக்கும் நெடுங்காலமாக அந்தப் பெயரே. எனவே அது திட்டு, பட்டம், செல்லப்பெயர் மூன்றும்தான். மூலத்தின் ஆறு சொற்களுக்கும் இதையே போட்டால் இருபதாம் பக்கத்தில் காது மரத்துவிடும். வெளியாள் ஒருவன் கோபத்தில் அதைச் சொல்லும் காட்சி வரும்போது அரங்கம் அசையாது. பேரேட்டில் பக்கம், சொல்பவர், கேட்பவர், எடை (ஒன்றிலிருந்து ஐந்துவரை) என்று நான்கு கட்டம் போதும். நண்பர்களுக்குள் எடை இரண்டைத் தாண்ட வேண்டாம். நான்கும் ஐந்தும் அந்த வெளியாளுக்காகக் காத்திருக்கட்டும்.

கெட்ட வார்த்தைகளைப் பற்றிப் புதிதாக வருபவர்கள் தவறாகக் கணிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆஃப்ரிகான்ஸ் விழாக்களுக்கு வரும் கூட்டம் உடலுறவு சார்ந்த வசையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கடவுளின் பெயரை வீணாக எடுப்பதுதான் புண்படுத்தும். ஆங்கிலப் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் ‘கடவுளே’ வரும். அதை அப்படியே கொண்டுவந்தால் முதல் பதினைந்து நிமிடத்தில் ஒரு வரிசை எழுந்து போகும், அதற்கும் தன்பாலீர்ப்புக்கும் சம்பந்தமே இருக்காது. பெரும்பாலான இடங்களில் ‘யிரெ’, ‘மக்டிக்’ போன்ற மழுங்கிய வடிவங்கள் போதும். உண்மையில் ஒருவன் கடவுளைக் கூப்பிட்டே ஆக வேண்டிய இடத்துக்கு அந்த முழுப் பெயரை வைத்திருங்கள். அப்போது அது வசையாகக் கேட்காது, பிரார்த்தனையாகக் கேட்கும்.

தூய ஆஃப்ரிகான்ஸ் எழுதும் ஆசையை விட்டுவிட வேண்டும். இவர்கள் பேச்சில் ஆங்கிலம் கலந்தே இருக்கும். ஆனால் எங்கே கலக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மதுக்கூடத்திலும் சினிமாவிலும் படுக்கையிலும் கற்றதெல்லாம் ஆங்கிலத்தில் வரும். வீட்டில் கற்றது, அதாவது சாப்பாடு, திட்டு, ஜெபம், பயம், ஆஃப்ரிகான்ஸில் வரும். போதை ஏற ஏற ஆங்கிலம் உதிரும். கடைசிக் காட்சியில் ஆங்கிலச் சொல்லே இல்லாமல் எழுதிப் பாருங்கள்; பார்வையாளர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று காதுக்குத் தெரியும்.

கெய்ல் என்ற குழூஉக்குறி மொழியையும் சிலர் ஆர்வத்தில் அள்ளிப் போடுகிறார்கள். பெண் பெயர்களைக் கொண்டு பேசும் மொழி அது: போலீஸ் என்றால் பிரிசில்லா, சிகரெட் என்றால் சில்லா, மது என்றால் டோரா, அழகு என்றால் பியூலா. கேப் டவுனின் கலப்பின தன்பாலீர்ப்பாளர்களிடையே வளர்ந்தது. பிரிட்டோரியா வங்கி குமாஸ்தா ஒருவர் வாயில் அதை நிறைய வைத்தால் பொய்யாகிவிடும். நாடகம் முழுவதற்கும் ஐந்தாறு சொல் போதும். விளக்கம் தேவைப்படாதபடி செயலோடு சேர்த்து வையுங்கள். பாட்டிலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ‘டோரா?’ என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

இந்த வகை நாடகங்களில் அநேகமாக ஒரு தொலைபேசிக் காட்சி இருக்கும். அம்மாவோடு பேசும் காட்சியாக இருந்தால் ஆஃப்ரிகான்ஸ் மூலத்தையே மிஞ்சிவிடும். அந்த மொழியில் பெற்றோரை ‘நீ’ என்றோ ‘நீங்கள்’ என்றோ விளிப்பதைவிட, ‘மா டீ குடிக்கிறாங்களா? மா தூங்கினாங்களா?’ என்று உறவுப் பெயராலேயே பேசுவது வீட்டு மரியாதை. ஒரு நிமிடம் முன்புவரை நாக்கால் எல்லோரையும் கீறிக்கொண்டிருந்த நாற்பது வயது மனிதன், கருவியைக் காதில் வைத்ததும் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மா, மா’ என்கிறான். பின்னால் ஏழு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஐந்தாவது ‘மா’வில் அவர்கள் சிரிப்பு நின்றுவிட வேண்டும். அம்மா என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்பதில்லை. ஒவ்வொரு ‘மா’வுக்கும் முன்னால் எத்தனை நொடி இடைவெளி என்பதை நடிகர் அம்மாவின் வசனத்தை முழுமையாக எழுதி மனப்பாடம் செய்தால்தான் பிடிக்க முடியும். ஒத்திகையில் யாராவது ஒருவர் அந்த அம்மாவின் வரிகளை உண்மையிலேயே வாசிக்கட்டும்.

ஒத்திகைக்கு நான்கு வாரம் கிடைத்தால் முதல் மூன்று நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பதற்கு. மொழிபெயர்ப்பாளர் முதல் இரண்டு வாரமும் கூடவே இருக்க வேண்டும். நடிகர் வாயில் தடுக்கும் வரியில் பத்துக்கு எட்டு வரி பிரதியின் குற்றம். இரண்டாம் வாரக் கடைசி நாள் பிரதி பூட்டப்படும். அதற்குப் பிறகு ஒரு சொல் மாறினாலும் ஒளிக் குறிப்பும், மேடைக்கு மேல் திரையில் ஓடும் மொழிபெயர்ப்பான மேல்திரை வரியும் பிசகும். ஆஃப்ரிகான்ஸ் வடிவம் ஆங்கிலத்தைவிட நீளும் என்றே கணக்கில் வையுங்கள். விழாக்களில் ஒரே அரங்கில் நாளுக்கு மூன்று நான்கு நாடகம் நடப்பதால் 90 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைப்பது கடினம்.

நடிகர் தேர்வில் யாரிடமும் ‘நீங்கள் தன்பாலீர்ப்பாளரா’ என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது, முத்தக் காட்சியையும் ஆடை களையும் காட்சியையும் பிரதியில் படித்துவிட்டு ஒப்புக்கொள்கிறார்களா என்பதே. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முத்தம் நடனம் போல எண்ணிக்கையில் அமைய வேண்டும்: யார் கை எங்கே, எத்தனை எண்ணுவதற்குள் விலக வேண்டும் என்று. கதவை மூடி, தேவையானவர் மட்டும் இருக்க ஒத்திகை பாருங்கள். எண்ணிக்கை உறுதியாக இருந்தால்தான் நடிகருக்குள் பதற்றம் போய் பாத்திரத்தின் பதற்றம் வரும். வளைந்த மணிக்கட்டும் இழுத்த உயிரெழுத்துமாக ஆரம்பிக்கும் நடிகருக்கு ஒரே மருந்து, அந்தப் பாத்திரம் அலுவலகத்தில் எப்படிப் பேசுவான் என்று நடித்துக் காட்டச் சொல்வது. அந்த அலுவலகக் குரலுக்கும் நண்பர்களிடையே பேசும் குரலுக்கும் உள்ள தூரம்தான் அவனுடைய வாழ்க்கை.

எட்டுப் பேர் ஒரு மாலை முழுவதும் குடிக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு கண்ணாடிக் கோப்பை, நான்கு உபரி, ஆக இருபது கோப்பை. ஒவ்வொன்றும் எந்த வரியில் யார் கையில் இருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று வரைபடம் இல்லாவிட்டால், உணர்ச்சிகரமான காட்சியில் ஒருவர் கையில் இரண்டு கோப்பை இருக்கும், அல்லது சோபாவில் விழ வேண்டியவர் கண்ணாடி மேல் விழுவார். பிராந்திக்கு ரூய்போஸ் என்ற செந்நிற மூலிகைத் தேநீர்: ஒரு லிட்டர் வெந்நீரில் நான்கு பை, பத்து நிமிடம், ஆறவைத்து, சர்க்கரை கூடாது. அதையே பாதித் தண்ணீர் கலந்தால் விஸ்கி. சர்க்கரையோ பழச்சாறோ சேர்த்தால் சிந்திய இடம் பிசுபிசுத்து ஆடும்போது கால் ஒட்டும். உண்மையான கோலா ஏப்பம் வரவைக்கும். பனிக்கட்டிக்கு அக்ரிலிக் துண்டுகள். உண்மையான பனி இருபது நிமிடத்தில் கரைந்து ஒலி போய்விடும். வெறுங்காலோடு ஆடுகிறவர் கையில் மட்டும் உடையாத பாலிகார்பனேட் கோப்பை. போதையின் அளவையும் பக்கம்வாரியாக எழுதி எல்லா நடிகரும் சேர்ந்து பாருங்கள். எட்டுப் பேரும் ஒரே வேகத்தில் போதையேறினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒருவராவது கடைசிவரை குடிக்காதவராக இருக்க வேண்டும்.

சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டாம். மூடிய பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை இருக்கிறது. லைட்டரின் ‘க்ளிக்’ ஒலியே காலத்தைச் சொல்லிவிடும். தொலைபேசி மணி பெரிய ஒலிபெருக்கியில் வரக் கூடாது. கருவி இருக்கும் மேசைக்கு அடியில் ஒரு சிறிய ஒலிபெருக்கியை மறைத்து வைத்து அதில் மட்டும் வரட்டும்.

ஓட்ஸ்ஹூர்னில் 1995இலிருந்து நடக்கும் கேகேஎன்கே, பொட்செஃப்ஸ்ட்ரூமின் ஆர்ட்க்ளொப், ஸ்டெல்லன்போஷின் வூர்ட்ஃபீஸ் என்று ஆஃப்ரிகான்ஸ் நாடகத்தின் பெரும்பகுதி விழாக்களில்தான் வாழ்கிறது. அங்கே பல அரங்குகள் பள்ளிக்கூட மண்டபங்களும் திருச்சபைக் கூடங்களும். தரை சமதளம். நான்காம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு மேடைத் தரையில் உட்கார்ந்திருக்கும் நடிகர் தெரியவே மாட்டார். இந்த நாடகங்களின் மிக அந்தரங்கமான பேச்சு எல்லோரும் தரையில் சாய்ந்திருக்கும்போதுதான் வரும். எனவே 40 செ.மீ. உயரத்தில் ஒரு படித்தளத்தைச் செட்டிலேயே சேர்த்து, அந்த உரையாடலை அங்கே ஏற்றுங்கள். சோபாவைப் பார்வையாளருக்கு நேராகப் போடாமல் 45 பாகை சாய்த்துப் போட்டால் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் மறைக்காமல் நிற்க இடம் கிடைக்கும்.

காலை பத்து, பதினொரு மணிக்கும் காட்சி இருக்கும். நள்ளிரவு விருந்தைச் சன்னல் வழியே வெயில் அடிக்கும் மண்டபத்தில் நடத்த முடியாது. கறுப்புப் பிளாஸ்டிக் சுருளும் அகலமான துணி நாடாவும் எடுத்துப் போங்கள், முந்தைய நாளே சன்னல் எண்ணிப் பாருங்கள். கேப் டவுனிலிருந்து ஓட்ஸ்ஹூர்ன் சுமார் 420 கி.மீ.; செட் முழுவதும் பக்கி எனப்படும் ஒரு சிறு சரக்கு வண்டியிலும் அதன் பின்னிழுவையிலும் அடங்க வேண்டும். ஒட்டுப்பலகை 1.22 க்கு 2.44 மீட்டர் அளவில் வருவதால் அதையே சுவர்த் துண்டின் அளவாகக் கொள்வது சிக்கனம். கதவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விருந்தாளிகள் வந்து போகும் நாடகத்தில் கதவு ஆடினால் வீடே ஆடும். கதவுச் சட்டத்தின் இரு பக்கமும் தாங்குகோலும் 20 கிலோ எடையும் போடுங்கள்.

மின்வெட்டு மிக மோசமாக இருந்தது 2023இல். இப்போதும் ஏற்பாடு தேவை. ஒளி மேசை, ஒலிக் கணினி, மேல்திரைக் கணினி மூன்றுக்கும் மின்கல இணைப்பு இருந்தால் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை நினைவு அழியாது. விளக்குகள் அணையும், அவ்வளவுதான். செட்டில் ஒரு மேசை விளக்கை மின்கலத்தில் எரிய விடுங்கள். இருட்டானால் நடிகர்கள் பேச்சை நிறுத்தி, நின்ற இடத்திலேயே, பாத்திரமாகவே இருக்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். விருந்தில் மின்சாரம் போவது அந்த நாட்டில் இயல்பான விஷயம்.

பணக்கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் பார்த்தால் போதும். 200 இருக்கை, ஆறு காட்சி, 60 விழுக்காடு நிரம்பினால் 720 பேர். நுழைவுச்சீட்டு 200 ராண்ட் என்றால் 1,44,000 ராண்ட். ஆசிரியர் உரிமைத்தொகை 12 விழுக்காடு என்று ஒப்பந்தம் இருந்தால் 17,280. அரங்குக்கும் விழாவுக்கும் 30 விழுக்காடு என்றால் 43,200. மீதி 83,520. எட்டு நடிகர், மேடை மேலாளர், ஒளி ஒலி பார்ப்பவர் என்று பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 8,352 ராண்ட். நான்கு வார ஒத்திகைக்கும் பெட்ரோலுக்கும் தங்குமிடத்துக்கும் சேர்த்து. உரிமைத்தொகை மொத்த வசூலில்தான் கணக்காகும், மீதியில் அல்ல என்பதைப் பலர் தாமதமாகவே கவனிக்கிறார்கள். இரண்டு விழாக்களும் ஒரு நகர அரங்கும் முன்கூட்டியே உறுதியாகாமல் எட்டுப் பேர் நாடகத்தைத் தொடங்கக் கூடாது.

பார்வையாளர்களில் பலர் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அந்தத் திருச்சபை 2015இல் ஒருபால் இணைகளை ஏற்கும் முடிவெடுத்தது, 2016இல் பின்வாங்கியது, அந்தப் பின்வாங்கலை 2019 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் சிலர் அந்த விவாதத்தைத் தங்கள் சாப்பாட்டு மேசையிலேயே நடத்தியவர்கள். அவர்களை அதிர்ச்சிக்கு உள்ளாக்கும் நோக்கில் விளம்பரம் செய்யாதீர்கள். வயது வரம்பு, மொழி, நிர்வாணம் எல்லாவற்றையும் சுவரொட்டியில் தெளிவாகப் போட்டுவிட்டால் வருபவர்கள் அறிந்தே வருவார்கள். முதல் பத்து நிமிடத்தில் அவர்கள் பாத்திரங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குள் ஒரு பாத்திரமாவது பார்வையாளருக்குத் தெரிந்த ஒரு கவலையை, வயதான அம்மாவையோ வீட்டுக் கடனையோ, பேச வேண்டும். அதன்பிறகு வரும் சிரிப்பு பாத்திரங்களோடு சேர்ந்து சிரிப்பதாக மாறும்.

ஆங்கில மேல்திரை வைத்தால் ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்துக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசும் இடத்தில் கதையை நகர்த்தும் ஒரே குரலை மட்டும் காட்டுங்கள். நகைச்சுவையின் கடைசிச் சொல் நடிகர் வாயிலிருந்து வருவதற்கு முன் திரையில் வரக் கூடாது; அதற்காகவே அந்த வரியை இரண்டாக உடைத்து வையுங்கள். மேல்திரையை இயக்குபவர் ஒத்திகையின் கடைசி வாரம் முழுவதும் இருந்தவராக இருக்க வேண்டும்.

காட்சி முடிந்ததும் 45 நிமிடத்தில் செட்டைப் பிரித்து அடுத்த குழுவுக்கு இடம் விட வேண்டியிருக்கும். ஆனால் இந்த நாடகத்துக்குப் பிறகு சிலர் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்றாம் வரிசையில் தனியாக ஒரு முதியவர், கடைசி வரிசையில் அம்மாவோடு வந்த ஓர் இளைஞன். மண்டபம் காலியாகும்வரை சுத்தியலை எடுக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் கோப்பைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் சத்தமில்லாத வேலையைச் செய்யலாம். பேச விரும்புகிறவர்களுக்காக வெளிக்கூடத்தில் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் தேநீரும் வையுங்கள், குழுவில் ஒருவர் அங்கேயே இருக்கட்டும். ரூய்போஸ் எப்படியும் மிச்சம் இருக்கும்.